கக்கல் இருக்கட்டும், புரையேறுவதைக் கவனியுங்கள்

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

முதல் குழந்தை, பெண். 35 வாரத்தில் 2.2 கிலோ எடையில் பிறந்தாள். இப்போது ஐந்து மாதம் முடிந்துவிட்டது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு தடவை பால் குடித்ததும் கக்குகிறாள். சில நேரம் தயிர் போலத் திரிந்து வருகிறது, சில நேரம் மூக்கு வழியாகவும் வருகிறது. ஒரு மருத்துவர் ‘ரிஃப்ளக்ஸ்’ என்று சொல்லி அமிலத்தைக் குறைக்கும் சிரப்பும் சொட்டு மருந்தும் கொடுத்தார். குறையவில்லை என்று இன்னொருவரிடம் போக, அவர் வேறு பெயரில் ஒரு சொட்டு மருந்து எழுதினார். எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்து வருகிறார்கள். தாய்ப்பால் சேரவில்லை, டின் பாலுக்கு மாற்று என்கிறார் மாமியார். ஒருமுறை பக்கத்து ஊருக்குப் போய்த் தொக்கம் (தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று வாயால் ஊதியும் உறிஞ்சியும் எடுப்பது) எடுத்தார்கள். குப்புறப் படுக்கவைத்தால் கக்கல் நின்றுவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசிப் பத்தியில் இப்படி எழுதுகிறார்:

“நான் வேலைக்குத் திரும்பிவிட்டதால், பீய்ச்சி வைத்த பாலைப் பகலில் அத்தை புட்டியில் கொடுக்கிறார். உறிஞ்சச் சிரமப்படுகிறாள் என்று நிப்பிள் ஓட்டையைச் சூடான ஊசியால் கொஞ்சம் பெரிதாக்கினோம். புட்டியில் குடிக்கும்போது அடிக்கடி புரையேறும். குடித்து முடித்ததும் தொண்டையில் கொர்கொர் என்று சத்தம். இரண்டு தடவை நெஞ்சுச்சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அது வேறு விஷயம், சளி பிடிக்கும் உடம்பு என்றார்கள். எடை இப்போது 5.4 கிலோ, போன மாதம் 5.25. இந்தக் கக்கலை எப்படி டாக்டர் நிறுத்துவது?”

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியாகப் போகிறபோக்கில் எழுதிய பத்தியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். ஒரு குழந்தை மருத்துவராக, உங்கள் மகள் கக்குவது எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. பால் குடிக்கும்போது புரையேறுவதும், குடித்த பிறகு தொண்டையில் ஈரமான சத்தம் கேட்பதும், ஐந்து மாதத்துக்குள் இரண்டு முறை நெஞ்சுச்சளிக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும்தான் கவலை தருகின்றன. இவை வேறு வேறு விஷயங்கள் அல்ல என்றே நினைக்கிறேன். இரைப்பைக்குப் போக வேண்டிய பாலில் கொஞ்சம் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடிதத்தை மட்டும் வைத்து அதை உறுதிசெய்ய முடியாது. ஆனால் அந்தச் சந்தேகத்தோடு யாராவது ஒருவர் உங்கள் குழந்தை பால் குடிப்பதை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். இதுவரை இரண்டு மருத்துவர்களிடம் காட்டியும் அது மட்டும் நடக்கவில்லை என்பது கடிதத்திலிருந்து தெரிகிறது.

முதலில் கக்கல். உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு அது அடிக்கடி தானாகவே தளர்ந்து கொடுக்கும். உணவு முழுக்கத் திரவம், நாளில் பெரும்பகுதி படுக்கை. அப்புறம் பால் மேலே வராமல் என்ன செய்யும்? நம் வீடுகளில் எதுக்களிப்பது என்று சொல்வதும் டாக்டர்கள் ரிஃப்ளக்ஸ் என்று சொல்வதும் இதைத்தான். பொதுவாக முதல் இரண்டு மாதத்துக்குள் தொடங்கி, நான்கு மாத வாக்கில் உச்சத்துக்குப் போகும். பிறகு உட்காரவும் நிற்கவும் திட உணவு சாப்பிடவும் தொடங்கியதும் குறைந்துவிடும். ஒரு வயது தாண்டும்போது பத்தில் ஒன்பது குழந்தைகளுக்குமேல் நின்றுவிடுகிறது. திரிந்து வருவது இரைப்பையில் சிறிது நேரம் இருந்த பால், அவ்வளவுதான். வயிற்றிலிருந்து வேகமாக வரும்போது மூக்கு வழியாகவும் வரலாம். ஆனால் கக்காமல், விழுங்கும்போதே மூக்கில் பால் வருகிறது என்றால் மேல் அண்ணத்தைப் பரிசோதிக்க வேண்டும். எப்போது வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள்.

இந்தக் கக்கலையே நோய் என்று எப்போது சொல்வோம்? எடை ஏறாதபோது, கக்கலில் ரத்தம் வரும்போது, பாலைக் கண்டாலே முதுகை வில்லாக வளைத்து அழுது மறுக்கும்போது. உங்கள் மகள் ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவள், ஆகவே வளர்ச்சியை நான்கு மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கில் 5.4 கிலோ குறைச்சலான பக்கம்தான் என்றாலும் வளர்ச்சி வரைபடத்துக்குள் இருக்கிறது. பிறந்ததிலிருந்து சராசரியாக நாளுக்கு 20 கிராமுக்கு மேல் ஏறியிருக்கிறாள், நல்ல விஷயம். ஆனால் கடைசி மாதத்தில் 150 கிராம்தான். இந்த வயதில் மாதத்துக்கு 400 முதல் 500 கிராமாவது எதிர்பார்ப்போம். நெஞ்சுச்சளியால் குடிப்பது குறைந்திருக்கலாம், குடிக்கவே களைத்துப் போகிறாளாகவும் இருக்கலாம். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

விழுங்குவதில் என்ன கோளாறு இருக்க முடியும்?

பால் குடிப்பது நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. குழந்தைக்கு அது ஒரே நேரத்தில் மூன்று வேலை: உறிஞ்ச வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நின்று, குரல்வளை மூடி, பால் கடந்த பிறகு மறுபடி திறக்கும். இந்த ஒழுங்கு கர்ப்பத்தின் 34ஆவது வாரத்தையொட்டித்தான் கூடிவரும். 35இல் பிறந்த குழந்தை அதை ஓரளவே பழகிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

அப்படிப்பட்ட குழந்தையின் வாயில், ஓட்டை பெரிதாக்கிய நிப்பிள் வழியாகப் பால் கொட்டினால் மூச்சுவிட இடைவெளியே கிடைக்காது. மார்பில் குடிக்கும்போது வேகத்தை அவளே தீர்மானிக்கிறாள். புட்டியில் புவியீர்ப்பு தீர்மானிக்கிறது. புட்டியில்தான் அதிகம் புரையேறுகிறது என்று நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள், மிக முக்கியமான தகவல் அது. நல்ல எண்ணத்தில்தான் ஊசியைச் சூடாக்கினீர்கள், பல வீடுகளில் செய்கிறார்கள். ஆனால் அந்த நிப்பிளை இன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

காரணம் இவ்வளவு எளிதாக இருந்துவிட்டால் நல்லது. ஆனால் வேறு சிலவற்றையும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். குரல்வளைப் பகுதி மிருதுவாக இருந்து மூச்சு இழுக்கும்போது உள்வாங்கிக்கொள்வது ஒன்று. மல்லாக்கப் படுத்தாலோ பால் குடித்தாலோ கீச்சென்ற சத்தம் அதிகமாகும், பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானே சரியாகிவிடும். குரல்வளையின் பின்பக்கம் சிறு பிளவு இருப்பதும், உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே சிறு இணைப்பு இருப்பதும் அபூர்வம். ஆனால் திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி வரும் குழந்தையிடம் நினைவில் வைத்திருக்க வேண்டியவை. தசைத் தளர்ச்சியோ நரம்புக் கோளாறோ இருந்தாலும் விழுங்குவது பாதிக்கும். தலை நிற்கிறதா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. புரையேறினால் இருமல் வரும், இருமல் வந்தால் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். சில குழந்தைகளுக்குப் பால் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமலே வராது. குடிக்கும்போது கண் கலங்குவது, புருவம் உயர்வது, மூக்கு விடைப்பது, உதட்டைச் சுற்றி நிறம் மங்குவது, பிறகு தொண்டையில் தண்ணீர் தேங்கியதுபோல் கொர்கொரப்பது, இவைதான் அடையாளங்கள். இனிமேல் புரையேறவில்லை, ஆகவே சரியாகிவிட்டது என்று நீங்களாக முடிவுக்கு வரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மருந்துகள்

மருந்துப் பெட்டிகளை எடுத்து, வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இரண்டு சொட்டு மருந்திலும் டோம்பெரிடோன் என்று இருந்தால், ஒரே மருந்தை இரண்டு மடங்கு கொடுக்கிறீர்கள். இதயத் துடிப்பின் லயத்தைக் குலைக்கக்கூடிய மருந்து என்பதால், ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. 12 வயதுக்குக் கீழ் அது பெரிதாகப் பலன் தருவதில்லை என்று பிரிட்டன் 2019இல் அந்த வயதினருக்கான அனுமதியையே எடுத்துவிட்டது. சில ஆன்டிபயாட்டிக்குகளோடு சேரும்போது ஆபத்து கூடும். உங்கள் மகளோ சளிக்காக ஆன்டிபயாட்டிக் எடுக்க நேர்ந்த குழந்தை. அப்படி இரட்டிப்பாக இருந்தால் அடுத்த வேளைக்கு முன்பே மருத்துவரைப் போனில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அமிலத்தைக் குறைக்கும் சிரப், மேலே வரும் பாலின் புளிப்பைத்தான் குறைக்கும், பால் வருவதை நிறுத்தாது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில், அடம்பிடித்து அழும் 162 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு அமிலம் குறைக்கும் மருந்தும் மீதிப் பேருக்கு மருந்தே கலக்காத போலி மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் 54 சதவீதம் பேருக்குச் சரியானது. வித்தியாசம் தெரிந்தது வேறிடத்தில்: உண்மையான மருந்து குடித்த குழந்தைகளுக்கு நெஞ்சுச்சளி போன்ற தீவிரத் தொந்தரவுகள் அதிகம் வந்தன. ஏற்கெனவே இரண்டு முறை அதற்காகப் படுத்த குழந்தைக்கு இந்த மருந்து தேவைதானா என்று கேட்பது உங்கள் உரிமை, டாக்டரை அவமதிப்பதாகாது. உணவுக்குழாயில் புண் இருப்பது உறுதியானால் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு அது பயன்படும். முடிவுத் தேதி இல்லாமல் குடித்துக்கொண்டே இருக்கத்தான் கூடாது.

எண்டோஸ்கோப்பி வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. கேமரா உணவுக்குழாயின் உட்புறத்தைக் காட்டும், புண் இருந்தால் தெரியும். பால் எந்த வழியில் போகிறது என்று காட்டாது. மயக்கம் கொடுத்துச் செய்யும் பரிசோதனையை, உங்கள் கேள்விக்கு விடை தராது என்று தெரிந்தே செய்ய வேண்டாம். ரத்த வாந்தி வந்தாலோ, மற்றவை எல்லாம் பார்த்தும் எடை ஏறாவிட்டாலோ அப்போது யோசிக்கலாம்.

தேவைப்படுவது விழுங்கும் பரிசோதனை. அதில் முதல் படிக்குக் கருவியே வேண்டாம். பேச்சு மொழிப் பயிற்சி நிபுணர் ஒருவர் குழந்தை குடிப்பதை நேரில் பார்ப்பார். இன்னும் பேசவே பேசாத குழந்தைக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். வாய், நாக்கு, தொண்டைத் தசைகளின் வேலையைப் படித்தவர்கள் அவர்கள், விழுங்குவதும் அவர்கள் துறைதான். அவருக்குச் சந்தேகம் இருந்தால் இரண்டு வழி உண்டு. எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த பாலைப் புட்டியில் கொடுத்து, அது போகும் பாதையை எக்ஸ்ரே வீடியோவாக எடுப்பது ஒன்று. சில நிமிட வேலை, சிறிதளவு கதிர்வீச்சு உண்டு. மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டு, குடிக்கும்போதே குரல்வளையைப் பார்ப்பது மற்றொன்று. இதில் கதிர்வீச்சு இல்லை, குழந்தை மார்பில் குடிக்கும்போதும் பார்க்கலாம், கீச்சுச் சத்தம் இருந்தால் அதற்குக் காரணம் குரல்வளையா என்றும் தெரிந்துவிடும். எது முதலில் என்பதைப் பார்ப்பவர் முடிவு செய்யட்டும்.

அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவையும் காது மூக்கு தொண்டைப் பிரிவையும் அணுகுங்கள். மாவட்ட அளவில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையம் இருக்கும், டி.இ.ஐ.சி. என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது, கட்டணம் கிடையாது. அங்கே இல்லாத பரிசோதனைக்குப் பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

போகும்போது இரண்டு அட்மிஷனின் டிஸ்சார்ஜ் சம்மரியும் எக்ஸ்ரேயும் கையில் இருக்க வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் இரண்டு தடவையும் ஒரே பகுதியில் சளி இருந்ததா என்பது எங்களுக்கு முக்கியமான துப்பு. பழைய மருத்துவமனை தரத் தயங்கினால் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகள் சொல்கின்றன.

அதற்குள் வீட்டில்

மெதுவாகப் பால் வரும் புது நிப்பிள் வாங்குங்கள். படுக்கவைத்துப் புகட்ட வேண்டாம். தலையும் தோளும் இடுப்பைவிட உயர்ந்திருக்க, மடியில் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, புட்டியைக் கிட்டத்தட்டக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். நான்கைந்து வாய் குடித்ததும் புட்டியைக் கீழே சாய்த்து அவள் மூச்சு வாங்க விடுங்கள். புரையேறினால் உடனே நிறுத்துங்கள். ‘இன்னும் 20 மில்லிதான், முடிச்சிடும்மா’ என்று வற்புறுத்துவது வேண்டவே வேண்டாம். பாலாடையில் கொடுத்தாலும் இதே விதிதான், வாய்க்குள் ஊற்றக் கூடாது. குடித்த பிறகு இருபது, முப்பது நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருங்கள். உடனே தூளியில் போட்டால் உடம்பு வளைந்து வயிறு அழுந்தும், தாடை நெஞ்சில் ஒட்டும், இரண்டுமே நல்லதல்ல. முடிந்த வேளையெல்லாம் மார்பிலேயே கொடுங்கள்.

பாலைக் கெட்டியாக்கினால் கக்காது என்று கஞ்சியோ ராகிப் பாலோ பிஸ்கட்டோ கலக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். தாய்ப்பாலில் இருக்கும் நொதியே மாவுச்சத்தைக் கரைத்து மறுபடி நீர்த்துப்போக வைத்துவிடும். கடையில் விற்கும் கெட்டியாக்கும் பொடிகளையும் நீங்களாக வாங்க வேண்டாம். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அப்படி ஒரு தயாரிப்பைக் கொடுக்க வேண்டாம் என்று, குடல் பாதிப்பு அச்சத்தால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. விழுங்கும் பரிசோதனைக்குப் பிறகு, எவ்வளவு கெட்டியாக என்று நிபுணர் சொன்னால் மட்டும் கலக்கலாம்.

டின் பாலுக்கு மாறுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. பெரும்பாலான டின் பால் பசும்பாலிலிருந்து வருவதுதான். தாய்ப்பால் மூச்சுக்குழாயில் போனாலும் கெடுதல்தான், ஆனால் நெஞ்சுச்சளியை எதிர்க்கும் சக்தி தருவதும் அதுதான். ஒருவேளை மலத்தில் ரத்தக்கோடு, உடம்பெல்லாம் கரப்பான் என்று இருந்தால் பசும்பால் ஒவ்வாமையை நினைக்கலாம். அப்போதும் நிறுத்த வேண்டியது உங்கள் மார்பில் கொடுப்பதை அல்ல. மருத்துவர் சொன்னால் நீங்கள் இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், நெய்யெல்லாம் விட்டுப் பார்ப்பீர்கள்.

தொக்கம் பற்றி: ஐந்து மாதமாகப் பாலைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகாத குழந்தையின் தொண்டையில் எது சிக்கியிருக்க முடியும்? வாய்வழியாக ஊதுவதும் உறிஞ்சுவதும் கிருமியை உள்ளே அனுப்பும், தொண்டையைப் புண்ணாக்கும். திரும்பப் போக வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு மூக்கிலோ வாயிலோ எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் எளிதில் ஆறாத ஒருவித நிமோனியா வரும். வருத்தத்தோடு சொல்கிறேன், நம் ஊர்களில் இது அபூர்வமல்ல.

குப்புறப் படுக்கவைப்பதும் கூடாது. தூக்கத்தில் திடீரென மூச்சு நின்று போகும் ஆபத்து குப்புறப் படுக்கும் குழந்தைகளுக்கு அதிகம். மல்லாக்கப் படுத்தால் கக்கியது மூச்சுக்குழாயில் போய்விடாதா என்று கேட்பீர்கள். மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும், ஆகவே பால் மேல்நோக்கி ஏறித்தான் உள்ளே போக முடியும். குப்புறப் படுத்தால் தலைகீழ். விழித்திருக்கும்போது பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்துகொண்டு குப்புற விட்டு விளையாட்டுக் காட்டலாம்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

கக்குவது பச்சை நிறத்தில் இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், குடல் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம். ரத்தம் வந்தால், வயிறு உப்பி இறுகினால், துவண்டு போனால், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், உதடு நீலமானால், அப்போதும் அப்படித்தான். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனாலோ விலா எலும்புக்குக் கீழே உள்வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனை. 108ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

புரையேறி இருமிக்கொண்டிருக்கும் வரை இருமவிடுங்கள். உச்சந்தலையில் தட்டுவது, முகத்தில் ஊதுவது, வாய்க்குள் விரல் விடுவது எதுவும் உதவாது. சத்தமே வராமல் திணறினால், முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. அப்புறம் திருப்பிப் போட்டு மார்பின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அழுத்து. மூச்சு வரும்வரை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே ஆம்புலன்ஸை வரச் சொல்லுங்கள். அத்தைக்கும் இதைப் பழக்கிவிடுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். தூங்கி எழும்போது கைகால் மடங்கித் தலை முன்னால் விழுவதுபோல் வரிசையாகத் திடுக் திடுக்கென்று துள்ளுகிறாளா? இந்த வயதில் வரும் ஒருவகை வலிப்பை வயிற்று வலி, கக்கல் என்று வீட்டில் நினைத்துவிடுவது உண்டு. பார்த்தால் போனில் படமெடுத்து அன்றே காட்டுங்கள்.

படமெடுப்பதைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். புட்டியில் ஒரு வேளை, மார்பில் ஒரு வேளை, முதல் வாயிலிருந்து முடிந்து பத்து நிமிடம் வரை சத்தத்தோடு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் புது இடம், புது முகம் என்று அவள் குடிக்கவே மாட்டாள், அப்போது இதுதான் கைகொடுக்கும். அத்தையையும் கூடவே அழைத்துப் போங்கள். பகல் முழுக்க அவள் குடிப்பதைப் பார்ப்பவர் அவர். எந்தப் பக்கம் சாய்த்தால் புரையேறுகிறது, எத்தனை வாய்க்கு ஒருமுறை நிறுத்துகிறாள் என்பதெல்லாம் அவரைக் கேட்டால்தான் தெரியும். டாக்டர் நிப்பிளை மாற்றச் சொல்லும்போது அவரும் நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.